ஆடுகள் மட்டும் பார்க்கும் பக்கம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு நான் என் கோட்டையைப் பறிகொடுப்பேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. சனிக்கிழமை, ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களாக வேஷம் போட்டு நாங்கள் மலையேறிப் போய்க் கோட்டையைப் பிடிப்போம். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் வந்து எங்களை அடித்து விரட்டிவிட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சோறு தின்போம். நான் மூர் ராஜாவின் தூதன். தலையில் தலைப்பாகை, முழங்கால்வரை பச்சை அங்கி, என் மனைவி ஒத்திலியா வருடா வருடம் பிரித்து அகலமாக்கித் தைக்கும் இடைக்கச்சை. இந்த வேஷத்தில் கோபுரத்து வாசலில் நின்றுகொண்டு, "இந்தச் சுவரில் ஒரு பிடி மண் மிச்சமிருக்கும்வரை சாவியைத் தர மாட்டேன்" என்று முழங்குவேன். கால் மணி நேரத்தில் தந்துவிடுவேன். அந்தக் கோபுரத்துக்குக் கதவே கிடையாது என்பதை இதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை.

சாவியை வாங்கிக்கொள்ளும் கிறிஸ்தவத் தூதன் பெர்னபே. பாதாம் தோட்டக்காரன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஜெயித்த ஒவ்வொரு வருடமும் சாராயக்கடையில் என் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷமாவது கொஞ்சம் தாக்குப்பிடிடா" என்பான். இருபத்தாறு வருடமாக அதே நக்கல். நானும் இருபத்தாறு வருடமாகச் சிரிக்கிறேன்.

எங்கள் ஊர் பெனியாசிர். யாசிர் என்ற மூரின் மக்கள் என்று அர்த்தம். அந்த மக்களில் ஒரே ஒரு ஆள்கூட இங்கே இல்லை. நானூறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயின் அரசன் ஒரே ஆணையில் அவர்கள் அத்தனை பேரையும் கப்பலேற்றி விட்டான். காலியான வீடுகளில் மயோர்க்கா தீவிலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். நாங்கள் உழும் படிக்கட்டு வயல் அவர்கள் வெட்டியது. தண்ணீர் வரும் வாய்க்காலும், யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்ற முறையும் அவர்களுடையது. மலை உச்சியில் இருக்கும் கோட்டையும் அவர்களுடையதுதான். கோட்டை என்று வாய் கூசாமல் சொல்கிறோம். மிச்சம் இருந்தது முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மதில், கூரை விழுந்த ஒரு தண்ணீர்த் தொட்டி, ஏழாள் உயரத்தில் ஒரே ஒரு கோபுரம். இங்கே யார் உடம்பிலும் அவர்கள் ரத்தம் ஓடவில்லை. ஆனாலும் திருவிழாவில் மூர் வேஷத்துக்குத்தான் அடிதடி. கிறிஸ்தவப் படைக்கு ஆள் பிடிக்க பெர்னபே வீடு வீடாகப் போக வேண்டும்.

நான் கொத்தனார். பெயர் ரெமிஜி. அறுபத்தேழு வயது. இந்தப் பள்ளத்தாக்கில் நான் கட்டாத வீடு குறைவு, நான் கட்டி ஒழுகிய வீடு அதைவிடக் குறைவு. சுவரைத் தட்டிப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கோபுரம் உதிர ஆரம்பித்தது. அது கல்லால் கட்டியதல்ல. மண்ணும் சுண்ணாம்பும் சரளைக்கல்லும் பிசைந்து, இரண்டு பலகைக்கு நடுவில் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து, காய்ந்ததும் பலகையைக் கழற்றி மேலே வைத்து மறுபடி இடித்த சுவர். ஒவ்வோர் அடுக்கிலும் பலகையின் ரேகைகூடப் பதிந்திருக்கும். எண்ணூறு வருடம் நின்றதாகச் சொல்வார்கள். அந்த வருடம் திருவிழாத் துப்பாக்கி வெடித்தபோது ஒரு கூடை மண், அப்போது சாதாரண மூர் சிப்பாயாக நின்ற என் தலைப்பாகை மேலேயே கொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆகஸ்ட்டில் நானும் பெர்னபேயும் அவன் கழுதையும் சேர்ந்து நாற்பது மூட்டை சிமெண்ட்டை மலைமேல் ஏற்றினோம். கூலி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஊரைப் பார்த்த முகம், கிழக்கு முகம், மேற்கு முகம் என்று மூன்று பக்கமும் இரண்டு விரல் கனத்துக்கு அப்படியே போர்த்திப் பூசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சீராக நான் எதையும் பூசியதில்லை.

நாலாவது பக்கம் பள்ளத்தைப் பார்த்து இருந்தது. அதற்கு வரும்போது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. இன்னும் நாலு மூட்டை ஏற்றுவோம் என்றான் பெர்னபே. கழுதை ஏற்கெனவே எங்களைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டிருந்தது. "விடுடா, அந்தப் பக்கத்தை ஆடுங்க மட்டும்தான் பாக்குது" என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். அந்த வருடத் திருவிழாவில் ஊரே எனக்குக் கைதட்டியது. சாராயக்கடைச் சுவரில் என் பெயரெழுதிய ஓடு ஒன்றைப் பதித்தார்கள். 'கோபுரத்தைக் காத்தவர்' என்று இருக்கும். அந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் இத்தனை வருடமாகக் காப்பி குடிக்கிறேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் தலைநகரத்துத் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து அடெலா என்ற பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டடக்கலை படித்தவர். ஊர்த்தலைவி நூரியா, வழிகாட்ட என்னை அனுப்பினாள். நான் பெருமையோடுதான் கூட்டிப்போனேன். அடெலா கோபுரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, விரல் முட்டியால் சிமெண்ட்டைத் தட்டினார். நானும் கேட்டேன். காலிப் பானையைத் தட்டியது போன்ற சத்தம். பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமில்லை.

"இது யாரு பண்ண வேலைங்க?" என்று கேட்டார்.

ஊரில் யாரையாவது கைகாட்டியிருக்கலாம். செத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்தான் என்று சொன்னேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். மண் சுவர் மூச்சு விடும் என்று பொறுமையாகச் சொன்னார். மழையில் நனையும், வெயிலில் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், எண்ணூறு வருடமாக அப்படித்தான் பிழைத்தது என்றார். இப்போது மேலே விழும் மழை உள்ளே இறங்குகிறது, மூன்று பக்கமும் சிமெண்ட் அடைத்துக்கொண்டதால் வெளியே வர வழியில்லை. இருக்கும் ஈரமெல்லாம் திறந்திருக்கும் நாலாவது பக்கத்தைப் பார்த்துப் போகிறது. அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஆட்டுத்தடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சுவர் நடுவில் பிள்ளைத்தாச்சி வயிறு போலப் பிதுங்கியிருந்தது. விரலை வைத்தேன். முழு நகமும் உள்ளே போயிற்று.

"நாலாவது பக்கமும் பூசியிருந்தா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"அப்ப பத்து வருஷம் முன்னாடியே போயிருக்கும்" என்றார் அடெலா.

செய்ய வேண்டியது எளிது. கோபுரத்தின் தலையை மூட வேண்டும். சிமெண்ட்டை மேலிருந்து கீழாக, உளியால், கையளவு கையளவாகக் கழற்ற வேண்டும். அவசரமில்லாமல், இலையுதிர்கால மழைக்குள் முடிக்க வேண்டும். நானே செய்கிறேன், நாளைக்கே ஏணியோடு வருகிறேன் என்றேன். அடெலா முகம் சுருங்கியது. இது பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதியில்லாமல் ஒரு கூழாங்கல்லை நகர்த்தினாலும் குற்றம் என்றார். அனுமதிக்கு அவரே எழுதுவார், குழு கூட வேண்டும், உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பூசியபோது இதெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டேன். அப்போதும் சட்டம் இருந்தது, யாரும் மலையேறி வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒத்திலியா என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன். அவள் பொய்யாக ஆறுதல் சொல்கிற ரகமில்லை. என் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, "நீ ஆசையாத்தான ரெமிஜி பண்ண" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. வெறுப்பில் ஒருவன் கடப்பாறையைத் தூக்கியிருந்தால்கூட அந்தக் கோபுரத்துக்கு இவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

மார்ச்சில் கோப்பு போனது. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். மே மாதம் கூடியபோது ஒரு வரைபடம் குறைகிறது என்றார்கள். ஜூலையில் சரி என்றார்கள். நான் வாரம் தவறாமல் அலுவலகத்துக்குப் போன் போட்டதில், அங்கே போனை எடுக்கும் பெண்ணுக்கு என் குரல் பழகி, என் முட்டி வலியைப் பற்றியெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் உரிமையாளர் சம்மதம். மலையுச்சி ஒரு பழைய பிரபு வம்சத்தின் சொத்து. வாரிசுகள் பத்தொன்பது பேர். அவர்களில் பாதிப்பேருக்குத் தங்களுக்கு ஒரு கோட்டை இருப்பதே தெரியாது. பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பத்தொன்பதாவது ஆள் ஒரு கன்னிகாஸ்திரீ, வெளியே வராத மடத்தில் இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு முன்பே உலகச் சொத்து எல்லாவற்றையும் துறந்துவிட்டதால், தனக்கில்லாத சொத்துக்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்று எழுதியிருந்தார். துறந்ததற்குப் பத்திரம் எங்கே என்று அலுவலகம் கேட்டது. வாய்வார்த்தையாகக் கடவுளிடம் சொன்னதுதான், பத்திரம் ஏது?

நானே இரண்டு பஸ் மாறி அந்த மடத்துக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன், சிமெண்ட்டைப் பற்றிச் சொன்னேன், பிதுங்கிய வயிற்றைப் பற்றியும் சொன்னேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் அவ்வளவு ஒளிக்காமல் பேசியதில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குன்னு ஒண்ணுமே இல்லையேப்பா, இல்லாதத எப்படிக் குடுப்பேன்?" என்றார். கோபுரத்துக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். அவர் குரலில் துளி கல்மிஷம் இல்லை. அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் நான் பொறுமையிழந்தேன். கோபுரத்தைத் தொடத்தானே கூடாது, குடை பிடிக்கலாமே என்று நினைத்தேன். ஆலிவ் அறுவடைக்கு வைத்திருந்த பெரிய தார்ப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு போய், ஏணி வைத்து ஏறி, கோபுரத்தின் தலையை மூடிக் கயிற்றால் கட்டினேன். அறுபத்தேழு வயதில் அது சின்ன வேலையில்லை. ஊரிலிருந்து பார்த்தால் கோபுரம் நீலத் தொப்பி போட்டது போல இருந்தது. சாராயக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "கோட்டைக்குச் சளி பிடிச்சிருக்காடா?" என்றான் பெர்னபே. அவனுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனும் சுமந்த சிமெண்ட் அது. அவனுக்கு அந்த நாட்கள்தான் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அதை எப்படிப் பிடுங்குவது?

நாலாம் நாள் வனக்காவலர் இருவர் வந்து தார்ப்பாயை அவிழ்த்தார்கள். யாரோ மலையேறும் ஆட்கள் படமெடுத்து அனுப்பிவிட்டார்களாம். அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தார்கள். நான் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். வருவது வரட்டும் என்ற வெறி. கோபுரத்தடியில் நூரியா மூச்சு வாங்க நின்றிருந்தாள். நான் உளியோடு கிளம்பியதைப் பார்த்துக் குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறாள். என் தங்கை மகளோடு படித்த பெண், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, உங்கள ஜெயில்லயெல்லாம் போட மாட்டாங்க. ஆனா நீங்க ஒரு தடவ உளிய வச்சீங்கன்னா கோப்ப மூடிடுவாங்க. சட்டப்படி அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு யாரும் இதத் தொட முடியாது. ஒரே ஒரு கையெழுத்துதான் மாமா பாக்கி."

"அதுக்குள்ள மழ வந்துருச்சுன்னா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை. அடித்தால் அனுமதி போய்விடும், அடிக்காவிட்டால் கோபுரம் போய்விடும். உளியைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு இறங்கினேன். பாதி வழியில் என் கண்ணில் நீர் முட்டியதை அவள் பார்க்காத மாதிரி நடந்தாள்.

மழை செப்டம்பர் கடைசி வாரம் வந்தது. எங்கள் பக்கத்து இலையுதிர்கால மழை தூறி விளையாடாது. கடலிலிருந்து ஏறி வந்து மலையில் மோதி, அப்படியே நின்று கொட்டும். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள். வாய்க்கால் உடைந்தது, பெர்னபேயின் இரண்டு வயல் வரப்பு சரிந்தது. மேகம் மலையை விழுங்கியிருந்ததால் கோபுரம் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒத்திலியா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வியாழன் மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய இரைச்சல் எதுவும் இல்லை. ஒரு வண்டி ஈர மண்ணை யாரோ ஒரே மூச்சில் கவிழ்த்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒத்திலியா இடி என்றாள். நான் தலையாட்டினேன்.

வெள்ளி மாலை மேகம் விலகியது. கோபுரம் நின்றுகொண்டிருந்தது. நேராக, முழுசாக, மூன்று முகமும் நனைந்து பளபளவென்று. கோயில் மணியை யாரோ அடித்தார்கள். ஊர் ஜனம் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த ஊரில் பாலமே போய்விட்டது, நம்ம கோபுரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, எல்லாம் ரெமிஜியின் சிமெண்ட் என்றார்கள். ரொட்டிக்காரர் மாவிலேயே கோபுரம் செய்து சுட்டு அனுப்பினார். பெர்னபே என்னைக் கட்டிப்பிடித்து, "நாற்பது மூட்டடா. நானும் நீயும்" என்றான். அவன் வயல் போயிருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அடெலா தப்பாகக் கணக்குப் போட்டிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு சாயங்காலம் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் தனியாக ஏறினேன். ஊரைப் பார்த்த முகத்தைக் கடந்து, மேற்கு முகத்தைக் கடந்து, ஆட்டுத்தடத்தில் திரும்பினேன்.

நாலாவது பக்கம் இல்லை. நாலாவது பக்கத்தோடு கோபுரத்தின் வயிறும் இல்லை. உள்ளேயிருந்த மண் மொத்தமும் பள்ளத்தில் இறங்கி, ஓடையில் கரைந்து, பழுப்பு நிறத்தில் கீழே ஆரஞ்சுத் தோட்டங்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என் பூச்சு. இரண்டு விரல் கனச் சிமெண்ட், அதன் உட்பக்கம் ஒரு சாண் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. யாசிரின் மக்கள் கூடை கூடையாகச் சுமந்து ஏற்றி, அடுக்கு அடுக்காக இடித்த மண் எண்ணூறு வருடத்துக்குப் பிறகு ஓடைக்கே திரும்பிவிட்டது. நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். நாலைந்து ஆடுகள் தள்ளி நின்று பார்த்தன.

நேராக நூரியாவிடம் போனேன். அவள் அடெலாவைக் கூப்பிட்டாள். ஞாயிறே அடெலா வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி முட்டுக் கொடுக்க யாரையும் உள்ளே அனுப்ப முடியாது, நூறு மீட்டருக்குள் ஆள் போகக் கூடாது, துப்பாக்கி வெடிக்கவே கூடாது என்றார். "இப்ப அந்த சிமெண்ட்தாங்க கோபுரம்" என்று என்னிடம் சொன்னார். வெளியே சொன்னால் ஊரே வேடிக்கை பார்க்க ஏறும், யார் தலையிலாவது விழும் என்பதால், வேலி போடும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று நூரியா கெஞ்சினாள். திறந்து நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்?

திங்கட்கிழமை அனுமதி வந்தது. கன்னிகாஸ்திரீ சொத்தைத் துறந்ததற்கு மடத்துப் பழைய பதிவேட்டில் எப்படியோ ஒரு பத்திரம் கிடைத்துவிட்டது. நூரியா என்னை அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசித்துக் காட்டினாள். பெனியாசிர் கோட்டைக் கோபுரத்தின் மூன்று முகங்களிலும் உள்ள சிமெண்ட் பூச்சை முழுவதுமாக அகற்ற அனுமதி அளிக்கப்படுகிறது, வேலையைப் பதினெட்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று முத்திரையோடு இருந்தது. வாசித்து முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் தெரியாது.

திருவிழாவை ஊர்ச் சதுக்கத்துக்கு மாற்றினார்கள். பலகையில் ஒரு கோட்டையை வரைந்து நிறுத்தினார்கள். ஊருக்கு ஒரே எரிச்சல். அவ்வளவு மழைக்கு அசையாத கோபுரம் நாலு வெடிக்கு விழுந்துவிடுமா என்று கேட்டார்கள். தலைநகரத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டு நானும் பயந்துவிட்டேன் என்று பெர்னபே கடுப்பில் இருந்தான். சனிக்கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரை. பலகைக் கோட்டை முன்னால் நான் நின்றேன். எதிரே பெர்னபே குதிரையில், தகரக் கவசத்தில். அவனுக்குப் பின்னால், கூரைகளுக்கு மேலே, மலையுச்சியில் கோபுரம் வெயிலில் நின்றது. சரணடையச் சொல்லி அவன் முழங்கினான். ஜனம் என் முறைக்காகக் காத்திருந்தது. என் வசனம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. இந்தச் சுவரில் ஒரு பிடி மண் மிச்சமிருக்கும்வரை. வாயைத் திறந்தேன். வரவில்லை. இருபத்தாறு வருடமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வசனம் அது.

நான் நடந்து போய்ச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். வாத்தியக்காரர்கள் பாதியில் நின்றார்கள்.

பெர்னபே குதிரையிலிருந்து குனிந்தான். "ஏண்டா, இன்னும் சண்டையே ஆரம்பிக்கலையே" என்று கிசுகிசுத்தான்.

"உள்ள ஒண்ணுமில்லடா. எடுத்துக்கோ" என்றேன்.

அவன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். திரும்பி மலையைப் பார்த்தான். எப்படியோ கூச்சல் போட்டு, கத்தியை ஆட்டி, சடங்கை முடித்துவைத்தான். பிறகு சோற்று மேசையில் அவனைக் காணோம்.

எல்லோரும் சாராயக்கடைக்குக் காப்பி குடிக்க வந்த நேரத்தில்தான் அவன் திரும்பி வந்தான். தகரக் கவசத்தை இன்னும் கழற்றவில்லை. முழங்கால்வரை பழுப்பு மண் அப்பியிருந்தது. அவன் எந்த வழியாகப் போய் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில், என் பெயரெழுதிய ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்தான். சோம்புச் சாராயத்தை இரண்டு கோப்பையில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினான். மூன்று பக்கமும் கல்லு மாதிரி நிற்பதைத் தொட்டுப் பார்த்ததாகச் சொன்னான்.

"நாலே நாலு மூட்டடா" என்றான். "அந்தப் பக்கத்தையும் பூசியிருந்தா இன்னிக்கி அப்படியே நின்னுருக்கும். நான்தான் உன்ன விட்டிருக்கக் கூடாது. என் தப்புடா."

அவன் கண்ணிலிருந்து வழிந்தது. எழுபதை நெருங்கும் மனிதன், தகரச் சட்டைக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதான். என் அங்கிக்குள், சட்டைப் பையில் அனுமதித் தாள் இருந்தது. நாலாவது பக்கத்தைப் பற்றி அடெலா சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. நான் அவன் தோளில் கை போட்டு, "ஆமாடா, பூசியிருக்கணும்" என்றேன்.